வாழைக்கன்றில் வைரம் தேடுதல்: நிலையாமையையும் சூனியத்தையும் இயற்கையில் பார்த்துப் பழக ஒரு வழிகாட்டி

எதுவும் நிலைக்காது என்பதை ஒப்புக்கொள்ளாதவர் யாரும் இல்லை. சாவு வீட்டில் எல்லோரும் அதைத்தான் சொல்கிறோம். ஆனாலும் அந்த ஒப்புதலால் யாருடைய பற்றும் தளர்ந்துவிடுவதில்லை. பௌத்தம் கேட்பது இன்னும் நெருக்கமான ஒன்றை: தோன்றுவதையும் மறைவதையும் கண்ணெதிரே, நடக்கும்போதே பார்த்துப் பழக வேண்டும்.

நமக்கு அது ஏன் தெரிவதில்லை? 5ஆம் நூற்றாண்டில் இலங்கையின் அநுராதபுரத்து மகாவிகாரையில் விசுத்திமக்கம் என்ற பாலி நூலை எழுதிய பௌத்த உரையாசிரியர் புத்தகோசர் இதற்குத் தெளிவான காரணம் சொல்லியிருக்கிறார். நிலையாமையை மறைப்பது தொடர்ச்சி. ஒன்று போவதற்குள் அதே போன்ற இன்னொன்று வந்துவிடுவதால் போனது தெரிவதில்லை. உள்ளே 'தான்' என ஒன்று இல்லாததை மறைப்பது திரட்சி; பல சேர்ந்து ஒன்றாகத் தெரிவதால் அந்த ஒன்றுக்கு ஒரு கரு இருப்பதாக மனம் எடுத்துக்கொள்கிறது.

கீழே உள்ள பயிற்சிகள் இந்த இரண்டு திரைகளையும் விலக்குவதற்காக அமைந்தவை. முதலில் தொடர்ச்சி, பிறகு திரட்சி. இந்த வரிசையை மாற்ற வேண்டாம். நிலையாமையைப் பார்த்துப் பழகாமல் நேரே சூனியத்துக்கு, அதாவது எதற்குள்ளும் தன்னளவில் நிற்கும் கரு இல்லை என்பதற்கு, போனால் அது வாய்ச்சண்டைக்கு மட்டும் உதவும் தத்துவமாகிவிடும்.

தொடங்குமுன்

வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஓர் இடத்தைத் தேர்ந்து கொள்ளுங்கள். கொல்லை, வாய்க்கால் கரை, தோப்பு, பூங்கா என எதுவானாலும் சரி. திரும்பத் திரும்ப அதே இடத்துக்குப் போக முடிய வேண்டும். அழகான இடம் தேவையில்லை. சுற்றுலாத் தலங்களில் கண் ரசிக்கத் தொடங்கிவிடும், பார்க்காது.

ஓர் அமர்வுக்கு 40 நிமிடம் போதும். முதல் 10 நிமிடம் கண்ணை மூடி மூச்சின் வருகையையும் போக்கையும் மட்டும் கவனியுங்கள். இதைத் தவிர்த்துவிட்டு நேரே பார்க்கத் தொடங்கினால் அரை மணி நேரமும் யோசனையிலேயே கழியும். அடுத்த 25 நிமிடம் பார்ப்பதற்கு, கடைசி 5 நிமிடம் எழுதுவதற்கு. பார்க்கும்போதே எழுதக் கூடாது. கை எழுதத் தொடங்கியதும் கண் நின்றுவிடும்.

தேவையானவை: ஒரு நோட்டு, வண்ணப் பென்சில்கள், கொஞ்சம் பருத்தி நூல், ஒரு மீட்டர் நீளக் குச்சி, பத்துப் பதினைந்து கூழாங்கற்கள், பிறகு ஒரு நாளைக்கு மட்டும் ஒரு அரிவாள். போன் வீட்டிலேயே இருக்கட்டும்.

தொடர்ச்சியை உடைப்பது

முதல் அமர்வு குச்சியும் நிழலும். காலை 9 மணிவாக்கில் சமதரையில் குச்சியைச் செங்குத்தாக நடுங்கள். நிழலின் நுனியில் ஒரு கல்லை வையுங்கள். பிறகு நிழல் நகர்வதைப் பார்க்க முயலுங்கள். உற்றுப் பார்த்தாலும் அது அசைவதாகத் தெரியாது. 5 நிமிடம் கழித்து நுனியில் இன்னொரு கல். இடையில் ஏறக்குறைய நான்கைந்து செ.மீ. விலகியிருக்கும். (உச்சிவேளையை நெருங்கினால் நகர்வு பாதியாகக் குறையும், அதனால்தான் காலையில் செய்யச் சொல்வது.) இப்படி ஐந்தாறு கற்கள் வரை வைத்துக்கொண்டே போங்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது நிழலை மட்டுமல்ல. கல்லைப் பார்த்தால் மாற்றம் தெரிகிறது, நிழலைப் பார்த்தால் 'அதே நிழல்' என்று மனம் சொல்கிறது. அந்த 'அதே' எப்போது ஒட்டிக்கொள்கிறது என்று பாருங்கள். புத்தகோசர் சொன்ன தொடர்ச்சி அதுதான்.

அடுத்தது தளிர். இதற்கு மூன்று வாரமாவது வேண்டும். விசுத்திமக்கத்திலேயே இதன் மூலம் இருக்கிறது. அசோகத் தளிர் முதலில் வெளிர் சிவப்பு. இரண்டு மூன்று நாளில் அடர் சிவப்பு. இன்னும் சில நாளில் மங்கிய சிவப்பு. பிறகு இளந்தளிர் நிறம், முற்றும் தளிரின் நிறம், வெளிர்பச்சை, கரும்பச்சை. கடைசியில் வாடி, ஆண்டு முடிவில் காம்பு விட்டு உதிர்கிறது. ஒவ்வொரு நிறமும் அடுத்ததை எட்டாமலே அங்கேயே முடிகிறது என்று காணச் சொல்கிறார் புத்தகோசர். இங்கே ஒரு எச்சரிக்கை: தெருவோரத்தில் நெட்டையாக வளர்ந்து நிற்பதை அசோக மரம் என்று பலர் சொல்கிறார்கள். அது நெட்டிலிங்கம். அதற்கும் செம்பு நிறத் தளிர் வரும் என்பதால் பயிற்சிக்குத் தடையில்லை. ஆனால் எளிதில் கிடைப்பது மாந்தளிர்தான்.

மாமரத்தில் புதிதாகத் துளிர்த்து, துவண்டு தொங்கும் செம்பழுப்புத் தளிர் ஒன்றின் கீழே கிளையில் நூலைத் தளர்வாகக் கட்டுங்கள். காம்பில் கட்டினால் இறுகி இலை வாடும். தினமும் ஒரே நேரத்தில், வெயில் நேராகப் படாத வெளிச்சத்தில், அதன் நிறத்தை வண்ணப் பென்சிலால் நோட்டில் ஒரு சிறு கட்டமாகத் தீட்டுங்கள். பக்கத்தில் தேதி மட்டும் போதும், வருணனை வேண்டாம். போனில் படம் எடுத்தால் கேமரா ஒவ்வொரு நாளும் வெளிச்சத்துக்கேற்ப நிறத்தைத் தானே திருத்திக்கொள்ளும். மூன்று வாரப் படங்களைச் சேர்த்துப் பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

இரண்டாம் வார முடிவில் கட்டங்களை வரிசையாகப் பாருங்கள். சிவப்பு எந்த நாளில் பச்சையானது என்று ஒரு கோடு போட முயலுங்கள். எங்கே போட்டாலும் அதற்கு முந்தைய கட்டமும் பிந்தைய கட்டமும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். சிவப்புத் தளிர் பச்சை இலையாக 'மாறியது' என்று சொல்லும்போது, மாறாத ஏதோ ஒன்று உள்ளே இருந்துகொண்டு நிறத்தை மட்டும் உடுப்பு மாற்றுவதுபோல் மாற்றியதாக நினைக்கிறோம். அந்த ஏதோ ஒன்றைக் கட்டங்களில் தேடுங்கள். தடிமன் மாறியிருக்கிறது, துவளல் போய் விறைப்பு வந்திருக்கிறது, நரம்பு புடைத்திருக்கிறது, மணம்கூட மாறியிருக்கிறது. மாறாமல் இருந்தது எது? இந்தக் கேள்விக்கு நோட்டில் பதில் எழுத வேண்டாம். கேள்வியோடு இலையைப் பார்த்தால் போதும்.

தளிர் வளரும் வாரங்களில், பனிக்காலமாக இருந்தால், சூரியன் எழ அரை மணிக்கு முன்பே புல்வெளியில் உட்காருங்கள். ஒரே ஒரு துளி. வெயில் பட்டு அது போகும்வரை பார்வையை எடுக்க வேண்டாம். மனித ஆயுளுக்கு, புத்தர் உரைகளின் தொகுப்புகளில் ஒன்றான அங்குத்தர நிகாயம் காட்டும் உவமைகளில் புல்நுனிப் பனித்துளியும், மழைநீரில் குமிழியும், நீரில் குச்சியால் கிழித்த கோடும் அடுத்தடுத்து வருகின்றன. மூன்றையும் செய்து பார்க்கலாம். நீர்க்கோடு ஒரு நொடி வேலைதான். ஆனால் கோடு எந்த இடத்தில் 'இருந்தது' என்று கேட்டுக்கொண்டே இருபது முப்பது தடவை கிழித்துப் பார்த்தால் அது வேறு மாதிரி வேலை செய்யும்.

உருவம் நிற்கிறது, நீர் போகிறது

தொடர்ச்சியிலிருந்து திரட்சிக்குக் கடக்கும் பாலமாக இரண்டு நீர்ப் பயிற்சிகள் உண்டு. இரண்டையும் செய்யுங்கள், ஒன்று மற்றொன்றின் மறுபக்கம்.

முழங்கால் ஆழத்துக்கு மேல் போகாத ஓடையில், நீருக்குள் கிடக்கும் கல்லுக்குப் பின்னால் ஓர் அலை எழும்பி அதே இடத்தில் நிற்கும். முதல் 5 நிமிடம் அந்த அலையின் உருவத்தை மட்டும் பாருங்கள். அடுத்த 5 நிமிடம் மேல்பக்கமாக ஒவ்வொரு புல்லாகக் கிள்ளிப் போட்டு, அது அலைக்குள் ஏறி இறங்கிப் போவதைப் பின்தொடருங்கள். பிறகு புல் இல்லாமலே அதே ஓட்டத்தை அலைக்குள் காண முயலுங்கள். ஒரு கட்டத்தில் 'அலை' என்ற பொருள் கலைந்து ஓட்டம் மட்டும் தெரியும், மறுகணமே பொருள் திரும்ப ஒட்டிக்கொள்ளும். இந்த ஒட்டலும் கலைதலும்தான் பயிற்சி. மழைக்காலத்தில் மலையோடைக்குள் இறங்க வேண்டாம். நீர் எப்போது உயரும் என்று சொல்ல முடியாது.

கடற்கரையில் இது தலைகீழ். அலை உடையும் இடத்துக்கு அப்பால் மிதக்கும் தேங்காய் மட்டையையோ பாசியையோ பாருங்கள். அலை கரைக்கு வருகிறது. மட்டையோ அலை வரும்போது எழும்பி, போனதும் ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இறங்குகிறது. ஓடையில் நீர் போக உருவம் நின்றது. இங்கே உருவம் போக நீர் நிற்கிறது. அப்படியானால் கரைக்கு வந்தது எது?

கடல் தொலைவில் உள்ளவர்கள் மலைமுகட்டில் தங்கி நிற்கும் மேகத்தைப் பார்க்கலாம். காற்று சரிவில் ஏறும் பக்கம் துளிகள் பிறந்துகொண்டே இருக்கும், இறங்கும் பக்கம் கரைந்துகொண்டே இருக்கும். மேகம் மட்டும் காலையிலிருந்து அங்கேயே இருப்பதாகத் தோன்றும். பார்வையை மேகத்தின் நடுவில் வைக்காமல் அதன் ஓரத்தில் வையுங்கள்.

வாழைக்கன்று: திரட்சியை உரிப்பது

இந்த வழிகாட்டியின் நடுநாயகம் இதுதான். அவசரப்படாமல் ஒரு முழுக் காலை நேரத்தை ஒதுக்குங்கள்.

இன்னொரு தொகுப்பான சம்யுத்த நிகாயத்தில் நுரைத்திரள் உவமை கொண்ட ஒரு சுத்தம் (புத்தரின் உரை; பாலியில் 'சுத்த') இருக்கிறது. கங்கைக் கரையில் புத்தர், மனிதர் என்று நாம் அழைப்பதன் கூறுகளான ஐந்து கந்தங்களுக்கு ஐந்து உவமைகள் சொல்கிறார்: உடல் ஆற்றில் மிதந்து வரும் நுரைத்திரள், நுகர்வு மழைக்குமிழி, குறிப்பறிவு கானல், மனச்செய்கைகள் வாழை, உணர்வு (அறியும் தன்மை) நாற்சந்தியில் வித்தை காட்டுபவனின் மாயம். வாழை உவமையில், வைரம் (மரத்தின் நடுவிலுள்ள கெட்டிப் பகுதி) பாய்ந்த மரம் தேடி ஒருவன் கூரிய கோடரியோடு காட்டுக்குள் போகிறான். நேராக வளர்ந்த இளம் வாழையை அடியோடு வெட்டி, தலையை நறுக்கி, மட்டை மட்டையாக உரிக்கிறான். வைரத்தைச் சுற்றியிருக்கும் மென்மரமான வெளிறுகூட அவனுக்குக் கிடைப்பதில்லை. வைரத்துக்கு எங்கே போவது?

அந்தச் சுத்தம் வாழைக்கு ஒரு நிபந்தனை வைக்கிறது: அது இளசாக, நடுவில் பூத்தண்டு எழாததாக இருக்க வேண்டும். காரணம் வாழை வளர்ப்பவர்களுக்குத் தெரியும். குலை தள்ளிய வாழையை உரித்தால் நடுவில் நாம் பொரியல் செய்யும் வெள்ளைத் தண்டு இருக்கும். அதை வைத்துப் பயிற்சி செய்தவர் 'கடைசியில் கரு இருக்கிறதே' என்ற முடிவோடுதான் எழுவார். பக்கக்கன்றாக எடுங்கள். தாய் வாழையின் சத்தை இழுக்கும் என்று தோட்டக்காரர்கள் எப்படியும் அதை வெட்டி எறிவார்கள், கேட்டால் கொடுப்பார்கள். மூன்று நான்கு அடி உயரம் போதும். வாழைக்கறை துணியில் பட்டால் போகாது, பழைய துணி உடுத்துங்கள்.

தரையோடு வெட்டி, இலைகளை நறுக்கி, தண்டுப் பகுதியை மட்டும் முன்னால் வையுங்கள். உரிக்குமுன் கையால் தூக்கிப் பாருங்கள், அழுத்திப் பாருங்கள். இவ்வளவு கனமான, உருண்டையான ஒன்றுக்கு நடு இல்லாமல் இருக்க முடியுமா என்று கை கேட்கும். அந்த உறுதியை நன்றாக உணர்ந்துகொள்ளுங்கள். தேடப்போவது அதைத்தான்.

இனி வெளிமட்டையில் மேலிருந்து கீழாக ஒரு கீறல் போட்டு விரித்து எடுங்கள். எடுத்த ஒவ்வொரு மட்டையையும் இடப்பக்கம் வைத்து, 'இதுவா வாழை?' என்று ஒரு முறை கேளுங்கள். கையில் மீதமிருப்பதைப் பார்த்து 'இதுவா?' என்று ஒரு முறை. அடுத்த மட்டைக்குப் போகும்முன் இரண்டு மூன்று மூச்சு இடைவெளி விடுங்கள். கன்றின் வயதைப் பொறுத்துப் பத்துக்கு முன்பின் மட்டைகள் வரும். கடைசியில் சுருட்டிய குருத்து கிடைக்கும். அதுவும் இன்னும் விரியாத இலைதான், விரித்தால் முடிந்துவிடும்.

இன்னொருவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்ய முடிந்தால் நல்லது. எந்த மட்டையை எடுத்தபோது அது 'வாழைக்கன்று' என்ற பெயரை இழந்தது என்று இருவரும் தனித்தனியே ஒரு சீட்டில் எழுதுங்கள். இருவர் குறித்ததும் ஒரே மட்டையாக இருப்பது அரிது. அந்த எல்லைக்கோடு கன்றில் இருந்திருந்தால் இருவருக்கும் ஒரே இடத்தில் தெரிந்திருக்கும். அதைப் போடுவது பெயரிடும் மனம்.

பலர் இந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள்: 'வாழை பொய், மட்டைகள்தான் மெய்.' அது பாதி வழி. ஒரு மட்டையை எடுத்துக் குறுக்கே வெட்டுங்கள். உள்ளே மெல்லிய சுவர்களால் பிரிந்த காற்றறைகள் வரிசையாக இருக்கும். மட்டையும் சுவரும் காற்றும் நாரும் நீரும் சேர்ந்த சேர்க்கையே. சுவரைக் கிள்ளினால் அதுவும் அப்படித்தான். பகுதிகளிலாவது கரு இருக்கும் என்ற கடைசி நம்பிக்கையையும் விடச் சொன்னவர் பௌத்தத் தத்துவ அறிஞர் நாகார்ஜுனர். சார்ந்து தோன்றுவது எதுவோ அதையே சூனியம் என்கிறோம் என்பது அவருடைய மூலமத்யமககாரிகையின் 24ஆம் அத்தியாயத்தில் உள்ள வாக்கியம். கன்று மூன்று வகையில் சார்ந்திருந்தது: தாய்க்கிழங்கு, மண், நீர், வெயில் என்ற காரணங்களை, மட்டை, குருத்து என்ற பகுதிகளை, 'கன்று' என்று அழைக்கும் மனத்தை. உரித்த குவியலின் முன் உட்கார்ந்து இந்த மூன்றையும் ஒவ்வொன்றாக நினைவில் எடுத்துவிட்டுப் பாருங்கள்.

அதே குவியலைப் பார்த்து இதையும் நினையுங்கள்: இந்தக் கன்று காற்றில் நின்றது, நீரைச் சேர்த்து வைத்தது, நிழல் தந்தது. கரு இல்லாமலேதான் இவ்வளவும் செய்தது. கரு இருந்து, எதையும் சாராமல் தன்னளவில் நிறைந்திருந்தால் அது துளிர்த்திருக்கவும் முடியாது, வளர்ந்திருக்கவும் முடியாது. சூனியம் பொருள்களை அழிப்பதில்லை. அவை இயங்குவதற்கே அதுதான் இடம் தருகிறது.

சுத்தத்தில் வாழை மனச்செய்கைகளுக்கு உவமை என்பதால், பயிற்சியை மனத்துக்குத் திருப்பாமல் எழுந்திருக்கக் கூடாது. அண்மையில் வந்த சிறு எரிச்சல் ஒன்றை எடுங்கள். காதில் விழுந்த சொல், அந்தக் குரல் கிளப்பிய பழைய நினைவு, மார்பில் சூடு, 'என்னையா?' என்ற எண்ணம், பதில் சொல்லும் துடிப்பு என ஒவ்வொன்றையும் மட்டைபோல் எடுத்து வையுங்கள். எடுத்த பிறகு கோபம் எங்கே, கோபப்பட்டவர் எங்கே என்று தேடுங்கள். பெரிய காயங்களை இதற்கு எடுக்க வேண்டாம், சிறியதாகத் தொடங்குங்கள்.

கானலும் குமிழியும்

கோடையில் நண்பகல் கழியும் நேரம், நீண்ட தார்ச்சாலையில் தொலைவில் நீர் தெரியும். அதை நோக்கி நடந்தால் அது விலகும். அதைவிடப் பயனுள்ளது நின்ற இடத்திலேயே மெல்லக் குனிந்து நிமிர்வது. கண் தாழும்போது கானல் பெருகும், உயரும்போது சுருங்கும் அல்லது மறையும். சூடேறிய தரை, அதன் மேல் வெப்பத்தால் அடர்த்தி குறைந்த காற்று, வளையும் ஒளி, கண்ணின் உயரம் ஆகிய நான்கில் ஒன்று விலகினாலும் காட்சி இல்லை. தோற்றம் உண்டு, கேமராவிலும் பதியும். தோன்றியபடியான நீர்தான் இல்லை. 'சூனியம் என்றால் ஒன்றுமே இல்லை' என்று வாதிடுபவருக்குக் கானலைக் காட்டுங்கள். 10 நிமிடம் போதும், தலையில் துணி இருக்கட்டும்.

பெருந்துளி மழையில் முற்றத்தில் நீர் தேங்கும்போது குமிழிகளைப் பாருங்கள். ஒன்று உடைந்ததும் கண் அடுத்ததற்குத் தாவும். தாவ விடாமல் உடைந்த இடத்திலேயே நிறுத்துங்கள். பிறகு உடலில் தெரியும் குளிர், ஈரம், இதம், சலிப்பு ஒவ்வொன்றையும் அதே கண்ணால் பாருங்கள். துளியும் நீரும் தொட்டதால் குமிழி. புலனும் பொருளும் தொட்டதால் நுகர்வு. மணிமேகலையில் அறவண அடிகள் எடுத்துரைக்கும், ஒன்றைச் சார்ந்து ஒன்று தோன்றும் பன்னிரு சார்புகளில் வாயில் (புலன்), ஊறு (தொடுகை), நுகர்வு, வேட்கை, பற்று என்று வருகிற தொடரின் நடுவே நிற்கிறோம் இங்கே. குளிர் இதமாக இருக்கிறது என்பது நுகர்வு. இன்னும் கொஞ்ச நேரம் பெய்யட்டும் என்பது வேட்கை. இடைவெளி மிகச் சிறியது. மழையில் உட்கார்ந்திருக்கும்போது அது நன்றாகத் தெரியும்.

தோப்பில் வெறுமை

முந்தையவை பழகிய பிறகு, மஜ்ஜிம நிகாயத்தின் 121ஆம் சுத்தம் சொல்லும் முறையை எடுக்கலாம். சாவத்தி நகரில் மிகாரமாதா மாளிகையில் இருந்தபோது புத்தர் தம் சீடர் ஆனந்தருக்குச் சொன்னது. இந்த மாளிகையில் யானை இல்லை, மாடு இல்லை, பொன் இல்லை, கூட்டம் இல்லை; பிக்கு சங்கம் மட்டும் இருக்கிறது என்று தொடங்குகிறார். இல்லாததை இல்லை என்றும், எஞ்சியதை இருக்கிறது என்றும் அறிவதே முறை.

ஆள் நடமாட்டமில்லாத தோப்பில் உட்காருங்கள். ஊர் இங்கே இல்லை. ஊர் பற்றிய நினைப்பு வந்தால், 'ஊரால் வரும் தொல்லை இந்நேரம் இங்கில்லை, நினைப்பு மட்டும் இருக்கிறது' என்று அறிந்து விடுங்கள். தோப்பை மரம் மரமாகப் பிரிக்காமல் 'காடு' என்ற ஒரே உணர்வாக எடுங்கள். அது நிலைத்ததும் காட்டை விட்டு 'நிலம்' மட்டும்: மேடு பள்ளம், முள், வேர் எதையும் கருதாமல், நூறு முளையடித்து விரித்த எருதுத் தோலைப்போல் சுருக்கமற்ற நிலம் என்பது சுத்தத்தின் உவமை. ஒவ்வொரு படியிலும் எந்தத் தொல்லை நீங்கியது, எது எஞ்சியது என்று பாருங்கள். சுத்தம் இதற்கு மேலும் உருவம் கடந்த தியான நிலைகளுக்குப் போகிறது. அவற்றை ஆசிரியர் இல்லாமல் முயல வேண்டாம்.

எங்கே தவறும்

அடிக்கடி நேர்வது சோகம். பனித்துளி போனதும் மனம் கவிதை பாடத் தொடங்கும். 'எல்லாம் போகிறதே' என்ற இன்பமான துயரம் வரும். அது நிலையாமையைப் பார்ப்பது அல்ல, அதன் மேல் ஒரு நுகர்வை ஒட்டுவது. மறைவதை மட்டுமே பார்ப்பதால்தான் இது வருகிறது. புத்தர் தோற்றத்தையும் மறைவையும் சேர்த்தே பார்க்கச் சொன்னார். சில நாள்களுக்குத் தளிரையும் குமிழி பிறப்பதையும் மட்டும் பாருங்கள், சரியாகும்.

இரண்டாவது, 'எல்லாம் சூனியம், ஆகவே எதைச் செய்தாலும் ஒன்றுதான்' என்ற நினைப்பு. தவறாகப் பிடித்த பாம்பு பிடித்தவனைக் கொல்வதுபோலத் தவறாகப் புரிந்த சூனியம் அறிவு குறைந்தவனைக் கெடுக்கும் என்று நாகார்ஜுனரே அதே அத்தியாயத்தில் எச்சரிக்கிறார். சார்ந்து தோன்றுவதால்தான் செயலுக்கு விளைவு உண்டு. உங்கள் பழக்கத்தில் சீலம் (நல்லொழுக்கம்) தளர்கிறது என்று தெரிந்தால் சூனியப் பயிற்சியை நிறுத்திவிட்டு தளிர்ப் பயிற்சிக்குத் திரும்புங்கள்.

மூன்றாவது, தாவல். இன்று மேகம், நாளை எறும்பு, மறுநாள் கடல். ஒன்றைக் குறைந்தது ஐந்து அமர்வுகளாவது தொடராமல் அடுத்ததற்குப் போகாதீர்கள்.

மனச்சோர்வு, இழப்பின் புதுத் துயரம், தூக்கமின்மை இருப்பவர்கள் மறைவைப் பார்க்கும் பயிற்சிகளை இப்போது எடுக்க வேண்டாம். வேசாலியில், உடலின் அழகின்மையைக் கருதும் அசுபத் தியானத்தில் ஆழ்ந்த பிக்குகள் பலர் உடலை வெறுத்து உயிரை மாய்த்துக்கொண்டதைச் சுத்தங்களே மறைக்காமல் சொல்கின்றன. அதன் பின் புத்தர் எஞ்சியவர்களுக்குக் கற்பித்தது மூச்சைக் கவனிப்பதும் அதனால் வரும் அமைதியும். பார்க்கும்போது உலகம் உயிரற்றதாகவோ தான் கரைந்துபோவதாகவோ தோன்றி அச்சம் எழுந்தால், எழுந்து நடங்கள், யாரிடமாவது பேசுங்கள், சாப்பிடுங்கள். அச்சம் நாள்கணக்கில் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள்.

பருவத்தை ஒட்டி அட்டவணை போடுவது எளிது. மழை தொடங்கும் ஐப்பசியில் குமிழி, மார்கழி தையில் பனித்துளி, மாமரம் துளிர்க்கும்போது தளிர், சித்திரை வைகாசியில் கானல். நிழலுக்கும் வாழைக்கும் எந்த மாதமும் பொருந்தும். வாழையை ஆண்டுக்கு இரண்டு முறை உரித்தால் போதும். இரண்டாம் முறை உரிக்கும்போது, உள்ளே என்ன இருக்கும் என்பது முன்பே தெரியும் என்ற நினைப்பையும் முதல் மட்டையாக எடுத்து இடப்பக்கம் வைத்துவிடுங்கள்.